நான்கு நீளச் சட்டைகள்

மலேசியாவில், பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்த சதாசிவத்தின் குடும்பத்தில் ஆட்கள் இரண்டு வகை. ஒன்று நெட்டை, இன்னொன்று குட்டை. நடுவில் யாரும் கிடையாது. சதாசிவம் நெட்டை. அவர் பிள்ளைகள் நால்வரில் மூத்தவர் குணாளன் நெட்டை, அடுத்தவள் கருப்பாயி குட்டை, மூன்றாவது லெட்சுமணன் நெட்டை, கடைக்குட்டி செல்வாவும் நெட்டை. லயத்து வரிசை வீட்டு நிலைப்படியில் தலை இடிக்காமல் செல்வா உள்ளே நுழைந்த நாளே இல்லை. கை முழங்காலைத் தொடும். விரல் ஒவ்வொன்றும் வெண்டைக்காய் மாதிரி. கண்பார்வை மட்டும் மந்தம். நெட்டைகள் அத்தனை பேருக்கும் சின்ன வயதிலேயே சோடாபுட்டிக் கண்ணாடி.

அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரலாலும் மூட வேண்டும். மூடியதும் எதிரில் இருப்பவர், "எலி பொந்துக்குள்ள போச்சா?" என்று கேட்பார். குட்டைகளுக்கு எலி முழுசாக உள்ளே போய்விடும். நெட்டைகளுக்கு எவ்வளவு இறுக்கி மூடினாலும் சுண்டுவிரல் பக்கம் நகம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். "வால் தெரியுது, வால் தெரியுது" என்று கருப்பாயி குதிப்பாள். அவளைத் தோற்கடிக்க அண்ணன் தம்பி ஒருவராலும் முடிந்ததில்லை.

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். சதாசிவம் நாற்பத்தொரு வயதில், பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டும்போது குப்புற விழுந்தார். ஓடைக்கரை முனி அறைந்துவிட்டது என்று தோட்டமே பேசியது. குணாளன் முப்பத்தெட்டில், செம்பனை மரத்தில் பழக்குலை வெட்டும்போது குலை மேலே விழுந்துவிட்டது என்றார்கள். லெட்சுமணன் அதற்குள் குடும்பத்தோடு பத்து பாகாட் என்ற டவுனுக்கு வந்து துணி ஆலையில் சேர்ந்திருந்தார். முப்பத்தாறு வயதில், வேலை முடிந்து வரும் வழியில் மோட்டார் சைக்கிளோடு சாலையோரக் கால்வாயில் கிடந்தார். செல்வா முப்பத்து மூன்றில் கோத்தா திங்கி அருவிக்குக் கூட்டாளிகளோடு குளிக்கப் போனார். பாறை வழுக்கிவிட்டது என்றார்கள். முனி, குலை, மோட்டார் சைக்கிள், தண்ணீர். நாலு சாவுக்கு நாலு காரணம். ஒன்றோடு ஒன்றை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை, செத்தவர்களுக்குப் படையல் போடுவது அந்த வீட்டு வழக்கம். அவரவருக்குப் பிடித்ததை இலையில் வைத்து, ஆளுக்கு ஒரு புதுச் சட்டையும் மடித்து வைப்பார்கள். சட்டை அவரவர் அளவில் இருக்க வேண்டும். அளவு தப்பினால் வந்தவர்கள் போட்டுப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம்பிக்கை. மறுநாள் எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு அந்தச் சட்டைகளை வீட்டு ஆண்கள் போட்டுக்கொள்ளலாம்.

ஆண் என்று அந்த வீட்டில் மிஞ்சியவன் ஒருவன்தான். லெட்சுமணனின் ஒரே மகன் ரூபேந்திரன். பதினாறு வயதில் ஆறடியைத் தாண்டிவிட்டான். அந்த வருடத்திலிருந்து நாலு சட்டையும் அவனுக்கே. "குடுத்து வச்சவன்டா நீ, தீபாவளிக்கு நாலு சட்ட யாருக்குக் கெடைக்கும்?" என்று கூட்டாளிகள் பொறாமைப்பட்டார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான். பதினாறு வருடம் அந்தச் சட்டைகளைத்தான் போட்டுக்கொண்டு கல்யாணம் கருமாதிக்குப் போனான்.

லெட்சுமணன் மகனைச் சீனப் பள்ளியில் சேர்த்திருந்தார். வீட்டுக்கு எதிரே அதுதான் இருந்தது, வேறு காரணம் இல்லை. அந்தப் பள்ளியில் எந்த மூலைக்குப் போனாலும் கூடைப்பந்து வளையம் ஒன்று தொங்கும். முதல் இரண்டு வருடம் சீனப் பிள்ளைகள் அவனை விளக்குக் கம்பம் என்று கூப்பிட்டார்கள். மூன்றாம் வருடம் கம்பத்தின் கையில் பந்து வந்துவிட்டது. அதன் பிறகு பெயர் 'ஆ லூ'. ரூபேந்திரன் என்பதில் அவர்கள் நாக்கில் தங்கியது அவ்வளவுதான்.

அப்பா செத்த அன்றைக்கும் அவன் பள்ளிக் கோர்ட்டில்தான் இருந்தான். பதினோரு வயது. சித்தப்பா செல்வா வேலியோரம் வந்து நின்றதும், தான் ஆடுவதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து இன்னும் இரண்டு தடவை எம்பிப் பந்தைப் போட்டுக் காட்டினான். செல்வா கைதட்டினார். கைதட்டிவிட்டு அழுதார். மூன்று வருடத்தில் அவரும் போனார்.

பதினெட்டு வயதில் ஜொகூர் மாநில அணி. இருபதில் கோலாலம்பூர்க்காரர்கள் சம்பளம் பேசி அழைத்துக்கொண்டார்கள். ஆறடி ஐந்து அங்குலத்தில் தமிழ்ப் பையன் ஒருவன், கண்ணாடியை ரப்பர் வாரால் தலையோடு கட்டிக்கொண்டு, சீனத்தில் கத்தியபடி வளையத்துக்குக் கீழே நிற்பதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. தேசியப் பயிற்சி முகாமுக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் கடைசிப் பட்டியலில் பெயர் இல்லை. இருபத்தைந்தில் பிரேமலாவைக் கட்டினான். அவள் பாலர் பள்ளி ஆசிரியை, அவன் நெஞ்சு உயரம்தான் இருப்பாள். மகள் தேன்மொழி பிறந்ததும் ஊர்ப் பக்கமே வந்துவிட்டான். பத்து பாகாட்டில் நாற்காலி மேசை செய்யும் முதலாளி ஒருவர் அணி வைத்திருந்தார். அதற்கு லிம் என்ற பழைய ஆட்டக்காரர் பயிற்சியாளர். ஒரு வருடம் இறுதி ஆட்டத்தில், சுளுக்கிய விரலைப் பக்கத்து விரலோடு கட்டிக்கொண்டு கடைசிவரை நின்று ஆடினான். சீனப் பெரியவர்கள் பெஞ்சு மேல் ஏறி நின்று "ஆ லூ, ஆ லூ" என்று கூவியதை இன்றைக்கும் காப்பிக் கடையில் பேசுவார்கள்.

ஒவ்வொரு வருடமும் லீக் தொடங்குவதற்கு முன் உடல்நலப் படிவம் ஒன்று கொடுப்பார்கள். அதில் ஒரு கேள்வி: ஐம்பது வயதுக்குள் குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? பன்னிரண்டு வருடமாக அவன் 'இல்லை' என்றே கோடு போட்டான். பொய் சொல்ல வேண்டும் என்று போடவில்லை. முனி அறைந்ததையும் மோட்டார் சைக்கிள் சாய்ந்ததையும் படிவத்தில் யார் கேட்கிறார்கள்?

அவனுக்கு முப்பத்திரண்டு முடியப்போகிற வருடம். தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. பயிற்சியில் எதிராளியின் முழங்கை அவன் நெஞ்சில் இடித்தது. அடி பெரிதில்லை. ஆனால் மூச்சு வாங்கும்போது இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், முதுகுப் பக்கம், ஏதோ ஒன்று நூல் பிடித்த மாதிரி இழுத்தது. பத்து எண்ணுவதற்குள் போய்விட்டது. அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடம் அம்மா வாசுகிக்குக் கண்ணில் அறுவை நடந்திருந்தது. வெயிலில் போகக்கூடாது. அதனால் படையல் சட்டை வாங்க முதல் தடவையாக ரூபேந்திரன் போனான். டவுனில் தமிழர் கடை. கல்லாவில் இருந்த பெண் அவனை நிமிர்ந்து பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீங்க பாஸ்கெட்பால் வெளாடுறவங்கதானே? என் தம்பி உங்க போட்டோவ வச்சிருக்கான். சொல்லுங்கண்ணே, என்ன சைஸு?"

அம்மா எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினான். அவள் சத்தமாக வாசித்தாள். நாலு சட்டை. நாலுக்கும் ஒரே கழுத்து, ஒரே கை நீளம், ஒரே உயரம்.

"எல்லாம் ஒரே சைஸா இருக்கே. டீமுக்கா?"

"இல்ல. வீட்டுக்கு."

"பாஸ்கெட்பாலுக்கு அஞ்சு பேர் வேணும்லண்ணே. நாலுதான் போட்டிருக்கு, ஒரு ஆளு கொறையுதே." அவள் தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டாள். "நீங்க கவலப்படாதீங்க. தீபாவளி ஆஃபர். நாலு எடுத்தா அஞ்சாவது ஃப்ரீ."

"அஞ்சாவது வேணாம்மா."

"அலமாக், ஐயையோ, சும்மா குடுக்கிறத யாராச்சும் வேணாம்பாங்களா? அதே சைஸ்ல போட்டுடுறேன் லா."

அவன் மறுபடியும் வேண்டாம் என்றான். அவள் ஐந்தையும் ஒரே பையில் திணித்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

காரில் வந்து உட்கார்ந்தவனால் சாவியைத் திருக முடியவில்லை. நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, முப்பத்தாறு, முப்பத்து மூன்று. வயது இறங்கிக்கொண்டே வருகிறது. நாலு பேரும் ஒரே சைஸ். அடுத்த மாதம் அவனுக்கு முப்பத்து மூன்று. பின் இருக்கையில் பை சரிந்து விழுந்த சத்தத்துக்கு அவன் உடம்பு தூக்கிப் போட்டது.

வீட்டில் அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு சட்டைகளை எண்ணினாள். ஐந்து வந்தது. மறுபடியும் எண்ணினாள். பிறகு ஒன்றும் கேட்காமல் ஒன்றை மட்டும் எடுத்து, படையல் சாமான்களுக்குப் பக்கத்தில்கூட வைக்காமல், தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அம்மா ஏதாவது கேட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

படையல் அன்று கருப்பாயி அத்தை பெக்கோக்கிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். அறுபத்தைந்து வயதிலும் வடைக்கு மாவு தட்டுவது அவள் வேலைதான், வேறு யாரையும் விடமாட்டாள். ரூபேந்திரன் பின்கட்டு வாசலில் போய் நின்றான்.

"ஏன்டா தென்னமரம், வெளிச்சத்த மறைச்சுக்கிட்டு நிக்கிற? தள்ளு."

"அத்த, பெரியப்பா எப்படி செத்தாங்க?"

"நல்ல நாளும் அதுவுமா இதான் பேச்சா? கொல விழுந்து செத்தாரு. ஒனக்குத் தெரியாதா?"

"கொல விழுந்தத நீங்க பாத்தீங்களா?"

அத்தை வடையைத் திருப்பிப் போட்டாள். அடுத்ததையும் போட்டாள். "நாந்தான் அன்னிக்கு சோறு கொண்டுட்டுப் போனேன்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "கொல ரெண்டு மொழம் தள்ளிக் கெடந்துச்சு. அண்ணன் மேல ஒரு கீறல் இல்ல. கம்பக் கீழ போட்டுட்டு அப்படியே உக்காந்துட்டாரு. 'கருப்பாயி, நடு முதுகுல கத்தி வச்சு இழுக்கிறாங்க'ன்னாரு. நான் பின்னால போயிப் பாக்குறேன், யாருமில்ல."

"அப்புறம் ஏன் கொல விழுந்துச்சுன்னு சொன்னீங்க?"

"அண்ணனுக்கு மூணும் பொம்பளப் புள்ளைங்க. நெஞ்சு சீக்குக் குடும்பம்னு பேரு வந்தா எவன்டா வந்து கட்டுவான்? கொல விழுந்துச்சுன்னா அது விதி. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மூணு பேரையும் கட்டிக் குடுத்தாச்சுல்ல?"

"அப்பா?"

பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. "அன்னிக்குக் காலைல முதுகு வலிக்குதுன்னு என்னத் தைலம் தேய்க்கச் சொன்னாரு" என்றாள். "தேய்க்கத் தேய்க்க, அங்க இல்ல, இன்னும் உள்ளன்னாரு. வேலைக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரு. ரோட்டுல பிரேக் புடிச்ச தடமே இல்லன்னு போலீஸ்காரர் சொன்னாரு. நானும் தூங்கிட்டே ஓட்டியிருப்பாருன்னு நெனச்சேன்."

செல்வா பாறையில் ஏறும் முன்னாலேயே நெஞ்சைப் பிடித்தார் என்று கூட வந்தவன் ஒருவன் கருப்பாயியிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். அதையும் அவள் அன்றைக்குத்தான் வெளியே விட்டாள். சதாசிவம் விழுந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. வாளியைக் கீழே வைத்துவிட்டுத்தான் அப்பா விழுந்தார், பால் ஒரு சொட்டு சிந்தவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. முனி அறைந்தவன் வாளியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டா விழுவான்? ஐம்பது வருடமாக அவள் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை.

எண்ணெயில் கிடந்த வடைகள் கறுத்துப் போயின. அத்தை கரண்டியைப் பிடித்தபடியே அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் கேக்குற? ஒனக்கு எங்கயாச்சும் வலிக்குதா?"

"இல்லத்த" என்றான்.

விளக்கேற்றிக் கற்பூரம் காட்டும்போது நாலு இலைக்கும் முன்னால் நாலு சட்டை வரிசையாக இருந்தன. அந்தக் கூடத்தில் பதினெட்டு வருடமாக அவன் பார்க்கிற காட்சிதான். அன்றைக்குச் சட்டைக் கைகள் தன் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி தோன்றியது. தேன்மொழி அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆறு வயது. வகுப்பில் எல்லாரையும் விடத் தலை உயரம். போன மாதம்தான் கண்ணாடி போட்டிருந்தார்கள். அவன் குனிந்து அவள் கையைப் பார்க்க நினைத்தான். கழுத்து குனியவில்லை.

மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தவனிடம் அம்மா வழக்கம்போல நாலு சட்டையையும் நீட்டவில்லை. அலமாரியைத் திறந்து அந்த ஐந்தாவதைக் கொடுத்தாள்.

"இதப் போட்டுக்க. இது யாருக்கும் வச்சது இல்ல."

தீபாவளி முடிந்த மறுவாரம் படிவம் வந்தது. லிம் அலுவலக மேசையில் வைத்துவிட்டுச் சீனத்தில் சொன்னார்: "ஆ லூ, எப்பவும் மாதிரி கோடு போட்டுட்டுக் கோர்ட்டுக்கு வா. புதுப் பையன்கள் உன்னை எப்படித் தாண்டுறதுன்னு திட்டம் போட்டுக்கிட்டு இருக்கானுங்க."

கேள்வி வந்தது. பேனா நின்றது. ஆம் என்று போட்டால் பன்னிரண்டு வருட வாழ்க்கை இந்தக் காகிதத்தோடு முடிந்துபோகும். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. இந்த உயரத்தை வைத்துக்கொண்டு வேறு எங்கே போய் நிற்பது? வலி வந்தது ஒரே ஒரு தடவை. தசைப்பிடிப்பாக இருக்கலாம். 'இல்லை' என்று கோடு போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனான்.

முதல் பந்துக்கு எம்பினான். காற்றில் இருக்கும்போதே, இறங்கும்போது கத்தி வருமா என்று முதுகு காத்துக்கொண்டிருந்தது. வரவில்லை. இரண்டாவது தடவை எம்பினான். வரவில்லை. மூன்றாவது தடவை கால் எழும்பவில்லை. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அவன் தலைக்கு மேலே கை நீட்டிப் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினான்.

"என்ன தாத்தா, இன்னிக்கு காலு தரையில ஒட்டிக்கிச்சா?" என்று கத்தினான் அவன். எல்லாரும் சிரித்தார்கள்.

ரூபேந்திரன் ஓரத்தில் கிடந்த இன்னொரு பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு கோர்ட்டை விட்டு வெளியே நடந்தான். லிம் விசில் ஊதியது காதில் விழுந்தது. அலுவலகத்துக்குள் போய்த் தன் படிவத்தைத் தேடி எடுத்து, கோட்டை அடித்துவிட்டு, 'ஆம்' என்ற கட்டத்தில் குறி போட்டான். விவரம் எழுதக் கொடுத்திருந்தது ஒரே ஒரு வரி. நாலு பேரும் அதில் அடங்கவில்லை. ஓரத்தில் செங்குத்தாகப் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டே போனான்.

பின்னாலேயே வந்த லிம் படிவத்தை வாங்கிப் படித்தார். திட்டுவதற்கென்று திறந்த வாய் மூடிக்கொண்டது. பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தான், அவருக்குப் புரிந்திருக்காது. எண்கள் புரிந்தன. அவன் கையில் இடுக்கியிருந்த பந்தை மெதுவாக வாங்கிப் பெட்டியில் போட்டார்.

"காலைல ஏழு மணிக்கு வீட்டுக்கு வரேன். நீ கார் ஓட்டாதே."

ஜொகூர் பாருவில் இதய நிபுணர் கிருபானந்தன் யாழ்ப்பாணத்து வழிவந்தவர். நரைத்த மீசை, பொறுமையான பேச்சு. நாலு பேர் கதையையும் கேட்டு எழுதிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றச் சொல்லிக் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"தம்பி, கட்டைவிரலை உள்ளுக்கு மடக்கிக் கையைப் பொத்துங்கோ பாப்பம்."

ரூபேந்திரன் கையை மூடினான். எலி பொந்துக்குள் போகவில்லை. சுண்டுவிரல் பக்கம் நகம் முழுசாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கட அப்பாவுக்கும் இப்பிடித்தானோ?"

"எல்லாருக்கும் இப்படித்தான் டாக்டர். எங்க வீட்ல அது வெளையாட்டு."

நெஞ்சில் பசை தடவி ஸ்கேன் எடுத்தார்கள். இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய், அடியில் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. பிறவியிலேயே உடம்பை இழுத்துக் கட்டும் நார் இளகிப்போன குடும்பம் என்று டாக்டர் விளக்கினார். எலும்பு நீள்வதும், கண் மங்குவதும், இந்தக் குழாய் வீங்குவதும் எல்லாம் ஒரே கோளாறுதான். முதுகில் இழுத்தது தசையாகவும் இருக்கலாம். ஆனால் இந்த அளவுக்கு வீங்கியது எந்த நாளிலும் கிழியலாம். கிழிந்தால் முதுகில் கத்தி வைத்து இழுக்கிற மாதிரி இருக்கும் என்றார். அந்த வார்த்தையை அவன் அவரிடம் சொல்லவே இல்லை.

"இனிப் பந்து தொடக்கூடாது. ரெண்டு மாசத்துக்குள்ள ஆபரேசன் செய்ய வேணும்." ஏட்டை மூடப்போனவர் நிறுத்தினார். "பிள்ளையள் இருக்கினமோ?"

"ஒரு பொண்ணு."

"உயரமோ?"

ரூபேந்திரன் தலையாட்டினான்.

"கூட்டிக்கொண்டு வாங்கோ."

அதுவரை இருந்த பயம் ஒரு பயமே இல்லை என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. மறுவாரம் போவதாக நாள் குறித்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் தேன்மொழி ஓடினாலும் பயம், படி இறங்கினாலும் பயம், இருமினாலும் பயம். "தூக்கத்துல கைய மூடி மூடித் தொறக்குறீங்க" என்றாள் பிரேமலா. "என்னான்னு கேக்க எனக்கும் பயமா இருக்கு. இருந்தாலும் கேக்குறேன். அவளுக்கும் இருக்கும்னு நெனைக்கிறீங்களா?" ஏழு நாளும் மகள் கையைத் தொடாமலே இருந்தான்.

ஸ்கேன் அறையில் தேன்மொழி மல்லாந்து படுத்துக்கொண்டு, பசை குளிர்ந்ததற்கு நெளிந்தாள். "ஐஸ்கிரீம் பூசுறாங்கப்பா" என்றாள். டாக்டர் திரையில் அளவெடுத்துக்கொண்டிருந்தார். கூடைப்பந்தில் கோட்டில் நின்று தனியாகப் பந்து போடும்போது ஐந்து நொடி கிடைக்கும்; ரூபேந்திரன் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தான். ஐந்து முடிந்தது. மறுபடியும் ஐந்து. பிரேமலாவின் நகம் அவன் மணிக்கட்டில் புதைந்தது. எத்தனை ஐந்து எண்ணினான் என்பது பிறகு அவனுக்கே மறந்துபோயிற்று.

"இருக்கு" என்றார் டாக்டர். "பயப்படாதையுங்கோ, இப்ப குழாய் பெரிசா வீங்கேல்லை. மருந்து தருவன். ஆறு மாசத்துக்கு ஒருக்காக் கொண்டு வர வேணும். துள்ளுற விளையாட்டு வேண்டாம். உங்கட அப்பாவும் சித்தப்பாவும் என்ன வருத்தம், என்ன நோய் எண்டே தெரியாமல் போனவை. இவவுக்கு ஆறு வயசிலேயே தெரிஞ்சிட்டுது. அதுதான் வித்தியாசம்."

தேன்மொழி எழுந்து உட்கார்ந்து கையை மூடிக் காட்டினாள். கருப்பாயி அத்தை எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்கிறாள். "பாருங்கப்பா, எனக்கு வால் தெரியுது."

ஜனவரியில் அவன் நெஞ்சைத் திறந்தார்கள். உள்ளே போகும்போது போட்டிருந்தது அந்த ஐந்தாவது சட்டைதான். வேறு எதையும் போட அம்மா விடவில்லை. ஏழு மணி நேரம். வெளியே பெஞ்சில் பிரேமலா, வாசுகி, கருப்பாயி, லிம் நாலு பேரும். கருப்பாயிக்கும் லிம்முக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய்தான். ஆனாலும் அவள் தன் அண்ணன் தம்பிகள் நிஜமாக எப்படிச் செத்தார்கள் என்று வீட்டுக்கு வெளியே முதன்முதலாக முழுசாகச் சொன்னது அவரிடம்தான். சொல்லி முடித்ததும், பெக்கோக்கில் இருக்கிற குணாளனின் மூன்று மகள்களுக்கும் போன் போட்டு, அவரவர் பிள்ளைகளின் கட்டைவிரலைப் பார்க்கச் சொன்னாள். ஒருத்தி மறுமுனையில் கத்தினாள். கருப்பாயி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, கத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

ரூபேந்திரன் பிழைத்தான். வீங்கிய குழாயை மாற்றி, நெஞ்சுக்குள் புது வால்வும் வைத்திருக்கிறார்கள். அது கடிகாரம் மாதிரி சத்தம் போடும். சந்தடி உள்ள இடத்தில் கேட்காது. சும்மா இருக்கும்போது டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் மாதங்களில் அது நின்றுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பான். நின்றால் கேட்க ஆள் இருக்காது என்பது தெரிந்தும் கேட்பான். இப்போது லிம்முக்கு உதவியாகக் கோர்ட்டோரம் நிற்கிறான். எந்தப் பையன் நெஞ்சைப் பிடித்தாலும் முதலில் விசில் அடிப்பது அவன்தான்.

அடுத்த தீபாவளிக்கு அதே கடைக்குப் போனான். முப்பத்து மூன்று முடிய இன்னும் சில வாரம் இருந்தது. கல்லாவில் அதே பெண்.

"அதே நாலா அண்ணே? ஆஃபர் இந்த வருசமும் இருக்கு. அஞ்சாவதும் அதே சைஸ்லயே போட்டுடவா?"

கடையில் வேறு யாரும் இல்லை. விசிறி ஓடவில்லை. அவன் நெஞ்சிலிருந்து வருகிற சத்தம் அவனுக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும், சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அஞ்சாவதுக்கு ஒரு கவுன் குடும்மா. பொம்பளப் புள்ளைக்கு."

"எத்தன வயசு?"

"ஏழு."

அவள் ஏழு வயதுக் கவுன் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இது வேணாம்மா. இன்னும் நீளமா எடு" என்றான். "ரெண்டு மூணு வருசத்துக்கு வரணும்."

அவள் ஏணியில் ஏறி மேல்தட்டில் தேடினாள். பத்து வயதுக் கவுன் ஒன்றைக் கீழே போட்டாள். அவன் தன் நீளக் கையால் அதை எட்டிப் பிடித்தான்.